உள்ளளவு

பலகை இரண்டு விரற்கடை குறைந்தது. மூன்றாவது முறையாக.

வெளியே அளந்தால் சமையல் மேடை சரியாக ஏழடி. முதலில் தச்சர் ஏழடிக்குத்தான் அறுத்து வந்தார். மேடைக்கு அடியில் செருகியபோது கோடியில் இரண்டு விரற்கடை இடைவெளி. அடுத்த முறை அந்த இரண்டையும் சேர்த்து அறுத்தார்; மறுபடி இரண்டு குறைந்தது. இன்றும் அதே கதை. சந்தையில் அளவு குறைந்தால் விற்றவன் சிரிப்பான், கூடினால் வாங்கியவன் சிரிப்பான். இந்தச் சமையலறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்காரிக்குக் கோபம்கூட வரவில்லை. சமையலறை வேலை தொடங்கிப் பதினோரு வாரமாகப் படுக்கையறை ஜன்னலோரம் ஒற்றை அடுப்பு, குளியலறையில் பாத்திரம், சோற்றிலும் தலையணையிலும் பல்லிடுக்கிலும் சிமெண்டுத் தூள். கோபப்படுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"விடுங்கண்ணே, ஒரு மரப்பட்டி வெச்சு அடைச்சிடுங்க."

"பட்டியா?" கணவன் திரும்பினான். கீரைக்கட்டுக்கு ஒரு கொத்து கொசுறு வாங்காமல் கடையைத் தாண்டாதவன். "புதுச்சட்டைக்கு முதல் நாளே ஒட்டுப் போடுவியா? இவர் டேப்பு சரியில்ல, அவ்வளவுதான்."

"டேப்பைத் திட்டாதீங்க சார். உள்ள நீங்க பிடிக்கிறதுதான் கோணல்."

உள்ளே போக ஒரே வழி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த திறப்பு. மிச்ச முகப்பையெல்லாம் தச்சர் முதல் வாரமே பளபளவென்று பலகை அறைந்து மூடியிருந்தார். முகப்பு முடிந்துவிட்டால் வீட்டுக்காரர் வாய் தானாக அடங்கும் என்பது அவருடைய தொழில் சூத்திரம். அதனால் உள்ளளவு எடுக்கத் தவழ்ந்துதான் போகவேண்டும். முதல் தடவைக்குப் பிறகு தச்சர் போகவில்லை. முட்டி வலி என்றார்.

கணவன் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தான். ஈரச் சிமெண்டும் மரப்பசையும் எலி செத்ததுபோன்ற ஏதோ ஒன்றும் கலந்த வாடை திறப்பிலிருந்து மெதுவாக வெளியே வந்து அவள் முகத்தில் உட்கார்ந்தது. உள்ளே அவன் முட்டிகள் மணலில் சரக், சரக் என்று உரசிக்கொண்டு போக, அவள் பிடித்திருந்த பெட்டியிலிருந்து மஞ்சள் நாடா நழுவிக்கொண்டே இருந்தது. ஐந்தடி. ஏழு. ஒன்பது.

"எட்டிட்டீங்களா?"

"இதோ, செவுரு தெரியுது."

பதினொன்று.

தச்சரும் நாடாவைப் பார்த்தார். மேடையின் அந்தக் கோடிக்குப் போனார். அதற்குமேல் சுவர், சுவருக்கு அப்பால் தெரு. முகப்பின் கடைசிப் பலகையை விரலால் தட்டினார்.

"சார், தட்டுறது கேக்குதா?"

"கேக்குது," என்றது குரல். "எனக்குப் பின்னாடி."

தச்சரின் விரல் அப்படியே நின்றது. "கடப்பாரை எடுத்துட்டு வரேம்மா. பலகையைப் பேத்துடலாம்," என்று வெளியே போனார். வாசலில் அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கடப்பாரை மேடையோரம் கிடந்தது.

அதை எடுக்கப் போனால் நாடாவை விடவேண்டும். அவள் விடவில்லை.

"ஏங்க, வந்துடுங்க. பட்டியே போதும்."

"ரெண்டு விரக்கடைதான்டி. இவ்வளவு தூரம் வந்துட்டு விடச் சொல்றியா?"

பதின்மூன்று. பதினைந்து. முட்டி உரசும் சத்தம் தேய்ந்தது. பதினாறில் நாடா தீர்ந்தது. விறைத்தது. பெட்டி அவள் கையைத் திறப்புக்குள் இழுத்தது. அவள் காலை ஊன்றிக்கொண்டாள்.

"போதும்ங்க."

பிறகு, மிக மெலிதாக:

"தொட்டுட்டேன். சுருட்டு."

டேப்பின் பூட்டை விடுவித்தாள். நாடா சுருண்டது. மெதுவாக. முனையில் கனம். பன்னிரண்டு. ஒன்பது. முட்டி உரசும் சத்தம் இல்லை. ஐந்து. மூச்சுச் சத்தமும் இல்லை. இரண்டு.

இருட்டிலிருந்து விரல்கள் வந்தன. டேப்பின் முனையை இறுக்கிப் பிடித்த இரண்டு விரல்கள். அவன் கைதான். அவன் கைக்கடிகாரம் மூன்றரை காட்டியது.

மணிக்கட்டைப் பிடித்தாள். சூடாக இருந்தது. இழுத்தாள். முன்கை வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் முன்கை. அது அவள் மடியில் ஒரு சுற்றாகச் சுருண்டது.

"இழுக்கிறேங்க," என்றாள். கடைக்காரனுக்குப் பதில் சொல்வதுபோல.

விரல்கள் அவள் கையை மெல்ல அழுத்தின.

இரண்டாவது சுற்று. மூன்றாவது.

முழங்கை இன்னும் வரவில்லை.