அரசாணைக்கு உட்படாதவன்

டோர்கில் களஞ்சியத்துக்குள் குனிந்து நுழைந்தபோது பிற்பகல் மூடுபனி வாசல்வரை வந்திருந்தது. வீடு எரிந்துபோனதால் யூவனின் உடலை இங்கேதான் கிடத்தியிருந்தார்கள். ஈரக் கம்பளி நாற்றத்தோடு கரிந்த கூரையின் நாற்றமும் கலந்து வந்தது.

துக்கத்துக்கு வந்தவர் யாரானாலும் பிணத்தைத் தொட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். கொன்றவன் தொட்டால் பிணத்திலிருந்து ரத்தம் வரும். அந்த மலைநாட்டில் இதைச் சந்தேகித்தவர் எவருமில்லை.

டோர்கிலும் சந்தேகித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் வந்தான். அவன் வாளை உருவவே இல்லை.

யூவன் அவனுக்குப் பால் சகோதரன். யூவனின் தாயிடம் பால் குடித்து, இதே வீட்டில் வளர்ந்தவன் டோர்கில். பிறந்ததோ வேறு குலத்தில். அந்தக் குலத்தின் தலைவர்தான் யூவனின் ஆட்களை நெருப்பாலும் வாளாலும் ஒடுக்க அரசரிடம் ஆணை வாங்கி வந்தார். யார் செத்தாலும், எது எரிந்தாலும், ஆணையை நிறைவேற்றியவர்களை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது.

“ஆத்துல எறங்கிக் கடக்குற எடத்த மட்டும் காட்டு. உன் அண்ணன் மேல ஒரு கீறல் விழாது” என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னார் தலைவர்.

காட்டினான். முதலில் எரிந்தது யூவனின் வீடு. வாசலில் அவனை வெட்டியது தலைவரின் வாள்.

அதே தலைவர் இப்போது ஆட்களோடு வந்து நின்றார்.

“தொடுங்க” என்றாள் யூவனின் மனைவி மார்சலி.

“எங்கிட்ட ராஜா முத்திரை போட்ட ஆணை இருக்கும்மா.”

மூலையில் ஒரு கிழவர் கனைத்தார். “முத்திரை போட்டா பொணமும் வாயைப் பொத்திக்கணுமா?”

தலைவர் சிரித்தபடி பிணத்தின் நெஞ்சில் கை வைத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

எதுவும் நடக்கவில்லை.

“பாத்தீங்கல்ல?” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அடுத்தது டோர்கிலின் முறை. நெருங்கி, யூவனின் நெற்றியை விரல் நுனியால் தொட்டான்.

நெற்றி சூடாக இருந்தது.

மூக்கிலிருந்து ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. பிறகு வாயிலிருந்து. பிறகு நெஞ்சுக் காயம் புதிதாய்த் திறந்து, துணி நனைந்தது.

“அண்ணி, நான் வெட்டல... அவர் சத்தியம் பண்ணாரு...”

மார்சலி குரலை உயர்த்தவில்லை. “அவரு எதிரி, கொழுந்தனாரே. அவரு வருவாருன்னு இவருக்குத் தெரியும். அவரோட நீங்களும் வருவீங்கன்னுதான் தெரியாது.”

மூடுபனியில் அவன் தனியாகவே வீடு திரும்பினான். வழியில் எந்தச் சத்தமும் இல்லை. தன் காலடிகூடக் கேட்கவில்லை.

யூவன் செத்ததைத் தன் மனைவியிடம் அவன் இன்னும் சொல்லவில்லை. அவன் உள்ளே வந்ததும் அடுப்பருகே இருந்த அவள் நிமிர்ந்து பார்த்து, முகம் மலர்ந்தாள்.

“வாங்கண்ணே! எவ்வளவு நாளாச்சு! ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? என்னங்க, உங்க அண்ணனை உள்ள கூப்பிட மாட்டீங்களா?”

டோர்கில் திரும்பவில்லை.

“இருங்க, ரெண்டு பேருக்கும் கஞ்சி ஊத்துறேன்” என்று அவள் குனிந்தாள்.

அவன் முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

உள்பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.