கத்திரியில் ஒரு கம்பளிக் கோட்டு

சதுரங்கப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஜாய்ஸின் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. கத்திரி வெயில். வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டிய விடுமுறை நாள்.

செங்கல்பட்டில் அவள் பள்ளி ஆசிரியை. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஓராண்டு தங்கிப் படிக்கும் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது கூடுதல் வேலை. வயிற்றுப்போக்கு, காரம், தாழ்ப்பாள் இல்லாத குளியலறை, வீட்டு ஏக்கம், எதுவானாலும் அவளுக்குத்தான் போன் வரும். வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அவளிடம் ஒரே பதில்தான் மிஞ்சியிருந்தது. கொஞ்சம் அனுசரித்துப் போ.

நார்வேக்காரி இங்க்ரிட்டுக்கும் போன வாரம் அதையேதான் சொன்னாள். அறை குளிர்கிறது என்றது அந்தப் பெண். ஜாய்ஸுக்குச் சிரிப்பு வந்தது. மின்விசிறியைக் குறைத்து வை என்றாள். மின்விசிறியே போடவில்லை, படுத்தால் யாரோ போர்வையை இழுக்கிறார்கள் என்றது. இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கொள் என்று ஜாய்ஸ் போனை வைத்துவிட்டாள்.

இன்று காலை போனில் இங்க்ரிட்டின் பற்கள் அடித்துக்கொண்டன. இது ஏசி குளிர் இல்லை, பனிக் குளிர், எனக்குத் தெரியும் என்றாள். கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றாள்.

பழைய டச்சுக் கோட்டைக்குப் பின்னால், கடலைப் பார்த்த மாடி வீட்டில்தான் இங்க்ரிட் தங்கியிருந்தாள். வீட்டுக்காரர் பார்த்தசாரதி அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி பார்வதம் கதவைத் திறந்தாள். அந்த வெயிலில் சால்வை போர்த்தியிருந்தாள்.

இங்க்ரிட்டுக்கு லேசான ஜுரம், சரியாகிவிடும் என்றாள். காப்பி கலக்கப் போனாள். ஜாய்ஸ் காத்திருக்கவில்லை. மாடிப்படி ஏறினாள்.

பாதிப் படியில் வியர்வை நின்றது.

மேல்படியில் கை மயிர் சிலிர்த்தது.

அறைக்குள் ஈரக் கம்பளி வாடை. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அதில் ஒரு துளிகூட உள்ளே வரவில்லை. கட்டிலில் இங்க்ரிட் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சுவர் ஆணியில் கனத்த பழுப்புக் கோட்டு ஒன்று தொங்கியது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோள்களில் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. கடற்காற்றின் உப்பு என்று நினைத்து ஜாய்ஸ் விரலால் தொட்டாள்.

உருகியது.

"வைஷாலியோடது," என்றாள் பின்னால் வந்து நின்ற பார்வதம்.

அவர்கள் மகள். அவளும் இப்படித்தான் கனடாவுக்குப் படிக்கப் போனாள், ஒரு குடும்பத்தோடு தங்கினாள். அந்த வீடு அவளுக்கு ஒத்துவரவில்லை. டிசம்பரில் போன் செய்து அழுதாள்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி கண்ணான்னு சொல்லி வெச்சுட்டோம்."

அன்று ராத்திரியே வைஷாலி அந்த வீட்டை விட்டு நடந்தே கிளம்பிவிட்டாள். சாலையோரப் பனிக்கு அடியில்தான் கண்டெடுத்தார்கள். பெட்டியோடு கோட்டும் வந்தது.

"இவ வந்தப்புறம்தான் அவளும் வரா," பார்வதம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அழைச்சுண்டு போயிடாதீங்கோ."

"இந்தப் புள்ளை உதட்டைப் பார்த்தீங்களாம்மா?"

பார்வதம் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாய்ஸ் இங்க்ரிட்டின் கையைப் பிடித்து எழுப்பினாள். அவசரத்தில் ஆங்கிலம் வரவில்லை, தமிழ்தான் வந்தது.

"எழுந்திரும்மா. இங்க இருக்க வேணாம். நான் கூட்டிக்கினு போறேன், வா."

கோட்டு சொட்டும் சத்தம் நின்றது.

கீழே வந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படர்ந்து மூடிக்கொண்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே, தெருமுனையில் நின்ற முத்துசாமியின் ஆட்டோவில் இங்க்ரிட்டை ஏற்றினாள். மீன்காரர்களுக்குச் சவாரி ஓட்டுகிறவன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா டீச்சர், ஐஸ் பொட்டி எதுனா ஏத்திக்கினியா? முதுகு ஜில்லுனு கீது."

ஜாய்ஸ் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். இங்க்ரிட்டின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. அதைப் பார்த்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு.

மாலைக்குள் செங்கல்பட்டில் சக ஆசிரியை பிரதீபா வீட்டில் இடம் கிடைத்தது. மறுநாள் இங்க்ரிட்டே போன் செய்தாள். புழுக்கத்தில் தூக்கமே வரவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஜாய்ஸ் ரிசீவரை வைத்தாள். உடம்பு முழுக்க அசதி. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். எங்கிருந்தோ ஈரக் கம்பளி வாடை வந்தது. துவைக்காத துணியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி மணி அடித்தது. பார்வதம்.

"மாடி அனலாக் கொதிக்கறது," என்றாள். அழுதிருந்த குரல். "ஆணியில கோட்டைக் காணோம். அவ அங்க வந்திருக்காளா?"

ஜாய்ஸ் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"வந்திருந்தா, அனுசரிச்சுக்கோன்னு மட்டும் சொல்லிடாதீங்கோ."

வெளியே தார் உருகும் வெயில். ஜாய்ஸ் ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா. இங்க யாரும் வரல," என்றாள்.

சொல்லும்போது அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.