டயருக்குப் பின்னால் ஒரு செங்கல்

“நீ இன்னைக்கு போர்ச்சு பக்கமே வராத.”

தோசையைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது. மருதமுத்து மனைவி பவானேஸ்வரியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, சுவரிடம் சொல்வதுபோல் சொன்னான்.

“காப்பி மட்டும் கொண்டாந்து வச்சிட்டு...”

“காப்பியும் வேணாம், ஒண்ணும் வேணாம். அன்னைக்கும் ஆயுத பூசை, இன்னைக்கும் ஆயுத பூசை. உன் கால் படாம இருந்தாலே வேலை முடிஞ்சிரும்லா.”

கட்டிக்கொண்டு வந்து இருபது வருடம் உழைத்த வீட்டில், வாசலுக்குப் போகக்கூடாது என்று அவளுக்கு உத்தரவு. அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். வேறென்ன செய்வாள்...

ஆயர் குரோவில் அவர்களுடையது வரிசை வீடு. வாசலில் கார் நிறுத்தும் போர்ச்சில் மூன்று வருடமாகக் கேன்வாஸ் போர்த்திக் கிடந்தது அந்தச் சிவப்பு டட்சன் கார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு. அந்தக் காலத்துப் பந்தயக் கார் மாதிரி. லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த காரை, மருதமுத்துவும் தம்பி யுகேந்திரனும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தார்கள். துருவைச் சுரண்டிச் சாயம் அடித்தார்கள். கடைசியில் மிச்சம் இருந்தது சஸ்பென்ஷன். வளைவில் திரும்பினால் கார் தொட்டில்போல் ஆடுகிறது என்று, உயரம் குறைந்த கெட்டியான ஸ்பிரிங்கும் புது அப்சோர்பரும் வாங்கி, வீட்டிலேயே மாட்டத் தொடங்கினார்கள். முன்பக்கம் இடது சக்கரம் முடிந்தது. வலது சக்கரத்தில் யுகேந்திரனின் கை போனது. அன்றிலிருந்து கார், ஒரு தோள் இறங்கியவனைப்போல் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

“அது சாஞ்சு நிக்கிறத தெனமும் பாக்க முடியலண்ணே. முடிச்சிடு,” என்று யுகேந்திரன்தான் கேட்டான்.

அண்ணனிடம் கேட்டான். அண்ணியிடம் அவன் பேசுவதில்லை.

பவானேஸ்வரி மருமகளாக வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை யாராவது சொல்லிக் காட்டினால், “எங்க அண்ணிக்கு நான் இருக்கேன்லா” என்று வாயடைப்பவன் அவன். இப்போது அவள் மொண்டு வைத்த தண்ணீரைக்கூடத் தொடமாட்டான். வலது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாத சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்திக்கொண்டு, இடது கையால் தானே மொண்டு குடிப்பான். தொழிற்சாலை வேலை போனது. நிச்சயம் செய்த பெண்ணின் வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் அண்ணிதான் காரணம். அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

நடந்தது வேறு.

போர்ச்சு சாலையைப் பார்த்துச் சரிவு. காருக்கு ஹேண்ட்பிரேக் பிடிக்காது. அன்று முன்பக்கத்தை ஜேக்கில் தூக்கி, பின்டயருக்குப் பின்னால் ஒரு செங்கல் வைத்திருந்தார்கள். அவர்களைப் பெற்ற காளியம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். கார் பின்னால்தான் வெளியே போகும், பழத்தை நசுக்கிக்கொண்டு போகட்டும் என்று, பழம் வைக்க வேண்டிய இடத்தில் இருந்த செங்கல்லை உருவினாள். கற்பூரத் தட்டோடு பின்னால் வந்த பவானேஸ்வரி பார்த்துக் கத்துவதற்குள் கார் ஜேக்கிலிருந்து நழுவி இறங்கிவிட்டது. யுகேந்திரனின் கை உள்ளே இருந்தது.

“எவ கல்லை எடுத்தது?” என்று மருதமுத்து அலறினான்.

செங்கல் காளியம்மாவின் கையில் இருந்தது. கடைக்குட்டிமேல் உயிரையே வைத்திருந்தவள். அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல் பவானேஸ்வரி கல்லை வாங்கிக்கொண்டாள்.

“நான்தாங்க.”

மாமியார் என்றாவது உண்மையைச் சொல்வாள் என்று காத்திருந்தாள். மாமியார் சொன்னாள். “எம் புள்ள கையத் தின்னவ...” என்று சாவு வீட்டில் சொன்னாள், கல்யாண வீட்டில் சொன்னாள், கோயிலில் சொன்னாள். பிறகு நினைவு தப்ப ஆரம்பித்தது. இப்போது அவளைக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் பவானேஸ்வரிதான். பெற்றவளுக்குப் பிள்ளைகளைத் தெரிகிறது. மருமகளைத் தெரியவில்லை. ‘நர்சம்மா’ என்று கூப்பிடுகிறாள்.

வெளியே வேலை நடந்துகொண்டிருந்தது. பேச்சு அடுப்படிவரை கேட்டது.

“மேல் நட்டை இப்பத் தொடாதண்ணே. ஸ்பிரிங்கு தெறிச்சு மூஞ்சியில அடிச்சிரும். மொத கீழ போல்ட்டைக் கழட்டு.”

“ஒத்தக் கைய வச்சுக்கிட்டு வாய் மட்டும் நல்லா வேலை செய்யுதுடா உனக்கு.”

“வாய்க்கு அடியில கல்லு இல்லல்ல, உருவுறதுக்கு.”

இருவரும் சிரித்தார்கள். பவானேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு மாமியாருக்குத் தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. சாமி மேடையில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றைக் காணவில்லை.

உத்தரவெல்லாம் மறந்துபோனது. தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பின்டயருக்கு அருகில் காளியம்மா குந்தியிருந்தாள். ஒரு கையில் பழம், மறு கையில் செங்கல். கார் முனகியது. பவானேஸ்வரி கல்லைப் பறித்து டயருக்கு அடியில் செருகினாள். அதன்மேல் தன் காலையும் முட்டுக்கொடுத்து, இரண்டு கைகளாலும் காரின் பின்புறத்தைத் தள்ளிப் பிடித்தாள். ஜேக் ஒருமுறை சாய்ந்து, நின்றது.

கையை வெடுக்கென இழுத்துக்கொண்டு எழுந்த மருதமுத்துவின் கண்ணில் பட்டது அவளும் அந்தச் செங்கல்லும்தான்.

“மறுபடியுமாடி... மறுபடியும் எங்க குடியக் கெடுக்க வந்துட்டியா?”

ஓங்கிக்கொண்டு வந்தான். அவள் நகரவில்லை. நகர்ந்தால் கார் இறங்கிவிடும்.

“அண்ணே.” யுகேந்திரன் நாற்காலியைவிட்டு எழுந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. “அம்மாண்ணே... அம்மாதான் எடுத்தாங்க. நான் பார்த்தேன். அண்ணி திருப்பி வச்சாங்க.”

காளியம்மா பவானேஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சத்தம் போடாத நர்சம்மா. போன தடவையும் நான்தான் கல்லை எடுத்தேன். பழி மருமக மேல போயிருச்சு. அவ நல்லவ. வாயத் தொறக்க மாட்டா.”

ரகசியமென்று நினைத்துத்தான் சொன்னாள். காது மந்தமானவளின் ரகசியம் எதிர் வீடுவரை கேட்டது.

மருதமுத்துவின் ஓங்கிய கை தானாக இறங்கியது. “பவானி... மூணு வருஷமா உன்ன நான்...” அழுதான்.

“அழறத அப்புறம் வச்சுக்கலாம். கழட்டுன டயரை அடியில தள்ளிட்டு காரை இறக்குங்க. என் கால் இன்னும் முட்டுலதான் இருக்கு.”

கார் இறங்கிய பிறகே அவள் காலை எடுத்தாள். தோல் வழன்றிருந்தது.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல அண்ணி...” மூன்று வருடத்தில் யுகேந்திரன் அவளைப் பார்த்துக் கூப்பிட்ட முதல் ‘அண்ணி’.

“சொல்லியிருந்தா உங்கம்மா உசுரோட இருந்திருக்குமா? கையும் போயி, அம்மாவும் போகணுமா உனக்கு? என்னைக் கொஞ்ச நாள் திட்டுவ, அப்புறம் மறந்துருவன்னு நெனச்சேன். தப்பா நெனச்சிட்டேன் தம்பி.”

“எல்லாத்துக்கும் அம்மாதானா காரணம்...” மருதமுத்து முனகினான்.

பவானேஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“இப்ப அம்மா மேல போடாதீங்க. ‘அண்ணே, ரெண்டு ஸ்டேண்டு வாங்கி முட்டு குடுத்துட்டு செய்வோம்’னு இவன் கெஞ்சுனான். நான் பக்கத்துல காப்பி ஊத்திக்கிட்டிருந்தேன். ‘இந்தச் சின்ன வேலைக்கு எதுக்குடா ஸ்டேண்டு’ன்னீங்க. ஒரு செங்கல்ல நம்பி தம்பி கைய உள்ள விட்டது நீங்க. இன்னைக்கும் அதே ஜேக்கு, அதே செங்கல்லு. பழி என் மேல இருந்தது உங்களுக்கு வசதியா இருந்துச்சு. அதான், ‘நெசமா நீதான் எடுத்தியா’ன்னு ஒரு தடவகூட கேக்கல.”

மருதமுத்து செங்கல்லைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்காரட்டும். அவள் நின்றது போதாதா.

யுகேந்திரன் அருகில் வந்தான்.

“தண்ணி குடுங்க அண்ணி.”

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை சாமிக்கு விளக்குப் போட்டிருப்பாள். உள்ளே போய் மொண்டு வந்தாள். பாதி குடித்தான். மீதி சட்டையில் சிந்தியது. இடது கையால் அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். வலது பக்கம் மடித்துக் குத்திய சட்டைக்கை அவள் விலாவில் இடித்தது. அவளும் அணைத்துக்கொண்டாள். அழுகை மட்டும் வரவில்லை. அவன் தோளுக்கு மேலாகத் தெரிந்தது கார். இன்னும் சாய்ந்துதான் இருந்தது. இந்தக் காரில் கட்டிக்கப்போகிறவளை ஏற்றிக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்குப் போவேன் என்பானே... அவள் இந்நேரம் யார் வீட்டிலோ பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். கேட்டது கிடைத்துவிட்டது. போனதில் ஒன்றும் திரும்பி வரவில்லை.

மதியம் காளியம்மாவுக்குச் சோறு பிசைந்துகொண்டு உட்கார்ந்தாள். காளியம்மா வாயைத் திறக்கவில்லை. வாசலையே பார்த்தாள்.

“நர்சம்மா, எம் மருமகளக் கொஞ்சம் கூப்பிடு. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்.”

பவானேஸ்வரியின் கை தட்டிலேயே நின்றது. “நான்தான் அத்தை. எங்கிட்ட சொல்லுங்க...”

காளியம்மா அவள் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை தேடிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள்.

“உங்கிட்ட எதுக்கும்மா? அதை அவகிட்டதான் சொல்லணும். எங்க போனா?”

“வருவா அத்தை,” என்றாள் பவானேஸ்வரி. “வாயத் தொறங்க.”