பதிவாகாத நாற்பத்தொரு காலைகள்

காலை ஏழு மணிக்கு மின்னூட்டப் பெட்டியிலிருந்து உணர்கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டால்தான் பேச்சித்தாய்க்கு நாள் தொடங்கும். குலசேகரன்பட்டினத்து எடைமீட்பு நிலையத்தில் அவள் உதவியாளர். விண்ணில் மிதக்கும் பணிமனைகளில் நாலைந்து வருடம் எடையில்லாமல் வேலை பார்த்துத் திரும்புகிறவர்களுக்குக் கால்கள் நடையை மறந்திருக்கும். பிடித்து, நீவி, மடக்கி, நீட்டி, அந்தக் கால்களைத் தரைக்குப் பழக்குவது அவள் வேலை.

பிளஸ் டூவில் அவள் மதிப்பெண் சுமார்தான். இயன்முறை மருத்துவக் கல்லூரி அதைப் பார்த்துவிட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. ஆனாலும் அதே கல்லூரியில் சேர நிலைய உதவியாளர்களுக்கென்று ஒரு வாசல் இருந்தது பாருங்கள். எவ்வளவு அழுத்தினாள், எந்தக் கோணத்தில், எத்தனை நிமிடம் என்று கையுறை எழுதிவைக்கும். அந்தக் கைமதிப்பு நன்றாக இருந்தால் பழைய மதிப்பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். பேச்சித்தாய் தன் கையை நம்பினாள். புத்தகத்தில் தடுமாறுகிறவள், தசை முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பாள்.

அப்போதுதான் சேவியரம்மாள் வந்தாள். ஐம்பது வயது, மேலே பற்றவைப்பு வேலை. கையுறை பட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். தசை கல்லாக இறுகியது.

"இது வேண்டாம்ட்டி. நாலு வருசம் மேல விண்வெளி உடுப்பு உறைக்குள்ளயே கிடந்தேன். மனுசக் கை பட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

பேச்சித்தாய் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இன்றைக்கு மட்டும் என்று நினைத்தாள். நாற்பத்தொரு காலைகள் ஆகிவிட்டன. வெறுங்கைச் சூட்டில் தசை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கடைசி நாள் சேவியரம்மாள் எதையும் பிடிக்காமல் வாசல் வரை நடந்தாள். நடப்பதை எல்லாரும் பார்க்கிறார்களே, இதைவிடப் பதிவு என்ன வேண்டும் என்று பேச்சித்தாய் இருந்துவிட்டாள்.

கல்லூரிச் சேர்க்கை நேர்காணலில் அலுவலர் அம்மா கையுறைப் பதிவுத் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்த நாற்பத்தொரு காலையும் நோயாளியை யாரும் தொடவில்லை. நடக்க வைத்தது கட்டிலோடு இருந்த தசைப்பயிற்சி இயந்திரம் என்று பதிவில் இருந்தது. பேச்சித்தாயின் பெயருக்கு எதிரே, பணியில் இல்லை.

சேதி கேட்ட சேவியரம்மாள் லிஃப்டில் ஏறாமல் மூன்று மாடியும் படியேறியே அலுவலர் முன் வந்து நின்றாள்.

"இது இவ கையில வந்த காலும்மா."

அலுவலருக்கும் கண் கலங்கியது. நோயாளி சொல்வதை நன்றி என்ற பிரிவில்தான் சேர்க்க முடியும், நன்றிக்கு மதிப்பு கிடையாது என்றார். அடுத்த வருடம் ஒரு வாய்ப்பு உண்டு, வயது வரம்புக்கு அதுதான் கடைசி என்றும் சொன்னார்.

இறங்கும்போது சேவியரம்மாள், "நான் பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்திருக்கலாம்லா," என்றாள். பேச்சித்தாய் அவள் பாதம் ஒவ்வொரு படியிலும் சரியாக ஊன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கினாள்.

திங்கட்கிழமை புதிதாகத் தங்கப்பாண்டி என்பவர் வந்தார். ஆறு வருடம் மேலே இருந்தவர். கையுறை பட்டதும் உடம்பு குலுங்கியது.

"சில்லுன்னு இருக்கும்மா. அதைக் கழத்திட்டுப் பிடிக்க முடியாதா?"

பேச்சித்தாய் ஆணியைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

"கொஞ்ச நேரத்துல பழகிரும்ண்ணே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் விரல்களுக்கடியில் தசை இறுகிக்கொண்டே போனது. கையுறையில் பச்சை விளக்கு எரிந்தது. அழுத்தம் சரி, கோணம் சரி.