தயக்கம் என்றொரு சில்லு

இன்னும் இரண்டு ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு கணினிச் சில்லுக்காக ஓசூர் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் திண்மை நிறுவனத்தின் ரசிகன், மற்றவன் அதன் போட்டி நிறுவனமான பாய்வின் ரசிகன். கடைக்காரர் நடுவில் புகுந்து, "டீ ஆறுதுப்பா. சில்லு வர்றப்ப வந்து அடிச்சுக்கங்க" என்று விலக்கிவிட்டார்.

மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா தன் தேநீரைக் குடித்து முடித்தாள். அவள்தான் திண்மை நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

முன்காணி வந்ததிலிருந்து, கடைக்கு வந்துவிட்ட சில்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு நிறுவனம் அதுவரை செய்த சில்லுகளையெல்லாம் படித்து, அடுத்து அது செய்யப்போவதைக் கம்பி கம்பியாக வரைந்து காட்டும் இயந்திரம் அது. வரைவதோடு நிற்பதில்லை. வீட்டு மேசைக் கணினியில் அந்த வராத சில்லைக் கொஞ்ச நேரம் ஓட்டியும் காட்டும். ஒருமுறை ருசி பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. உண்மைச் சில்லு வரும்போது அந்த ருசிக்கு ஒரு மயிரிழை குறைந்தாலும் கடை அலமாரியிலேயே தூங்கும்.

ஓசூரின் திண்மைச் சில்லு சொன்னதைச் செய்யும், சொல்லாததைத் தொடாது. விசிறியே வேண்டாத குளிர்ச்சி. கோவையின் பாய்வு அதற்கு நேர் எதிர். நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று ஊகித்து, கேட்பதற்குள் செய்து வைத்திருக்கும். ஊகம் தப்பினால் செய்ததைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஓடும். வேகமும் அதிகம், சூடும் அதிகம். மழைக்காலத்தில் பாய்வின் மேல் துணி உலர்த்தலாம் என்று திண்மைக்காரர்கள் கேலி செய்வார்கள். திண்மையிடம் வேலை வாங்க மனு எழுதிப் போட வேண்டும் என்று பாய்வுக்காரர்கள் திருப்பிக் கொடுப்பார்கள்.

பாய்வின் புதுச் சில்லு வெளியானால் முதல் பெட்டியை வாங்குவது திண்மைதான். அமிலத்தில் இட்டு, ஒவ்வோர் அடுக்காக நீக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆய்வகத்தில் அதற்கு உரித்தல் என்று பெயர். மற்றவர்கள் குறை தேடிவிட்டுச் சாப்பிடப் போன பிறகும் ஜெசிந்தா எழ மாட்டாள். பாய்வின் தலைமை வடிவமைப்பாளர் பெயர் இலியாஸ், ஊர் போத்தனூர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அவளுக்குத் தெரியாது. பேசியதும் இல்லை. ஆனால் அவர் எங்கே அவசரப்பட்டார், எங்கே ஒரு கம்பியை நேராகக் கொண்டுபோக மனம் வராமல் வளைத்து மகிழ்ந்தார் என்பதெல்லாம் தெரியும். இப்படியும் ஒரு மனம் யோசிக்குமா என்று வியந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள்.

அந்த மௌனத்தில் பிறந்ததுதான் அவளுடைய புதுச் சில்லு. அது கேட்கும்வரை காத்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஓடவும் செய்யாது. தன் ஊகம் எவ்வளவு உறுதி என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளும். உறுதியானால் பாய்வைப் போல் ஓடும், சந்தேகமானால் திண்மையைப் போல் நிற்கும். தயக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

அதன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நிறுவனத் தலைவர் இளம்பரிதியின் அறைக்குப் போனபோது விற்பனைப் பிரிவும் அங்கே இருந்தது. பெயரைக் கேட்டதுமே அவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"தயக்கம்னு பேரு வெச்சா எவன் மேடம் வாங்குவான்? கடைக்காரனே தயங்குவான்" என்றார் இளம்பரிதி.

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முன்காணியைத் திறந்தார். திண்மையின் அடுத்த சில்லு என்று அது காட்டியது வழக்கமான குளிர்ந்த, அசையாத சில்லு. தயக்கத்தின் சாயல்கூட அதில் இல்லை. மக்கள் ருசி பார்க்காத ஒன்றை யாரிடம் விற்பது என்று கேட்டார். அது காட்டிய பாய்வின் அடுத்த சில்லோ திண்மையை மிகவும் பின்னால் தள்ளியிருந்தது. இந்த முறையும் தோற்றால் வடிவமைப்புப் பிரிவையே மூடிவிட்டு வெளியில் வரைபடம் வாங்க வேண்டியதுதான் என்று பங்குதாரர்கள் சொல்லிவிட்டதாகவும், தன்னிடம் ஒரே ஒரு வழி இருப்பதாகவும் சொன்னார்.

"அவங்க போடப்போறத நாம முந்திப் போட்டுட்டா, அப்புறம் அவங்க எதப் போடுவாங்க?"

ஜெசிந்தா மறுக்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் பாய்வின் வராத சில்லைச் சுவர் முழுக்க விரித்துக் காட்டிவிட்டார். மூன்றாம் அடுக்கில் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் சுழன்று இறங்கின. அவ்வளவு அழகாக ஒன்றை அவள் பார்த்ததில்லை. இலியாஸ் செய்வதற்கு முன் தான் இதைச் செய்து பார்த்துவிடலாம் என்ற ஆசை அவளை ஊமையாக்கியது. பிரிவில் இருப்பவர்களின் பிழைப்புக்காகத்தான் ஒப்புக்கொண்டதாகப் பின்னால் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை.

தயக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொருவர் கையெழுத்தை எழுதிப் பழகுகிறவளைப் போல அந்தச் சில்லைச் செய்தாள். தன் குணத்தில் ஒரு கம்பியும் போகாதபடி பார்த்துக்கொண்டாள்.

இரண்டு நிறுவனங்களும் சென்னையில் ஒரே அரங்கில், ஒரே காலையில் தங்கள் சில்லுகளை வெளியிட்டன. திண்மையின் சில்லு முதலில் ஓடியது. கேட்பதற்குள் விடை வந்தது. விசிறிகள் இரைந்தன. திண்மையின் நீலச் சட்டைக்காரர்கள் கைதட்டலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்துப் பாய்வின் சில்லை ஏற்றினார்கள். அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. விசிறியே சுழலவில்லை. சொன்னதை மட்டும் செய்துவிட்டு அது சும்மா இருந்தது.

திண்மை பாய்வைச் செய்திருந்தது. பாய்வு திண்மையைச் செய்திருந்தது.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு முன்காணியின் கணிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு சில்லுகளும் சொன்னபடியே வந்திருந்தன, வந்த வீடுதான் மாறியிருந்தது. ருசி குறையவில்லை என்றதும் அரங்கம் ஆர்ப்பரித்தது. வாசலில் நீலச் சட்டைகளும் பாய்வின் சிவப்புச் சட்டைகளும் கைமாறத் தொடங்கின.

பின்பக்கத்துத் தாழ்வாரத்தில், தேநீர்க் குவளையோடு தனியாக நின்ற ஒருவர் ஜெசிந்தாவைப் பார்த்து வணக்கம் வைத்தார். நரைத்த தாடி. இலியாஸ்.

தங்கள் நிறுவனத்திலும் இதே யோசனைதான் நடந்தது என்று அவரே சொன்னார். அவளுடைய சில்லுகளைப் பல வருடமாகப் பிரித்துப் பார்த்து வருவதாகவும், ஒரு கம்பியையும் வீணாக்காத அந்தப் பொறுமை தனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமைப்பட்டதாகவும், அதனால்தான் முன்காணி காட்டியதும் மயங்கிவிட்டதாகவும் சொன்னார். கேட்கக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தான் சொல்ல நினைத்ததையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணாவது அடுக்குல அந்தச் சுழிப்பு இருக்கே, சார்" என்றாள். "அதப் பாத்ததும் உங்க கைதான்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்காகத்தான் செஞ்சேன்."

இலியாஸ் குவளையில் மீந்திருந்ததைக் குடித்தார்.

"நல்லாத்தானுங்க செஞ்சிருக்கீங்க. ஆனா அது நான் போட இருந்தது இல்லைங்க. அந்த வழிய நான் விட்டு வருசக்கணக்காச்சு. நான் வரைஞ்சது வேறங்க, எங்க கம்பெனி ஆளுங்களே அத ஒத்துக்கல."

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க செஞ்சிருக்கதும் என்னோடது இல்ல சார்."

"அப்படீங்களா?" அவர் குவளையை வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப நாம ரெண்டு பேரும் யாரப் பாத்துங்க காப்பியடிச்சோம்?"

முன்காணி திண்மையின் பழைய சில்லுகளை மட்டுமே படித்தது. அவளோ இத்தனை காலமும் இலியாஸின் சில்லுகளைப் படித்துக்கொண்டிருந்தாள். தயக்கம் அங்கிருந்து வந்தது. அந்த இயந்திரம் எட்டிப் பார்க்காத இடம் அது. அவருக்குள்ளும் அப்படி ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். அதில் என்ன இருக்கிறதோ என்று நினைக்கும்போதே அவளுக்கு வியப்பாக இருந்தது. தன்னுடையதை இனியும் அடக்கி வைக்க முடியவில்லை.

"நான் ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்கேன் சார். அது எப்படி ஓடும்னா…"

இலியாஸ் கையை உயர்த்தினார்.

"வேண்டாங்க மேடம், சொல்லிப்போடாதீங்க. கேட்டா நாளைக்கே நான் போயி அத செஞ்சு வெச்சுருவனுங்க. நீங்களே செய்யுங்க. பெட்டியப் பிரிச்சதும் ஒருக்கா நான் திகைச்சு நிக்கோணும். அவ்வளவுதானுங்க எனக்கு வேணும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள்.

இளம்பரிதி அவளைத் தேடி ஓட்டமாக வந்தார். இன்றைய சில்லுகளைப் படித்து முன்காணி அதற்குள் அடுத்த கணிப்பைப் போட்டுவிட்டதாம். வாசலில் பெரிய திரையில் ஓடுகிறது, பார்த்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கலாம் என்றார்.

திறந்த கதவு வழியே கூட்டம் தெரிந்தது. புதுச் சட்டைகளில் இரண்டு பக்கமும் நின்று, வராத சில்லை ருசி பார்த்து, அதற்குள் வாய்ச்சண்டையும் தொடங்கியிருந்தார்கள். அதைச் செய்யப்போகிறவர் யாரும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

"நீங்க பாருங்க சார்" என்றாள் ஜெசிந்தா. "நான் ஓசூருக்குக் கெளம்புதேன். வேல கெடக்கு."