பவழத்தீவுக் கைதியின் நடுத்தாள்

ஸ்ரீராம்குமார் காரை விட்டு இறங்கி நடந்து வந்த விதத்தைப் பார்த்ததும், யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் பாலகுரு நினைத்தான்.

“அக்கா, பவழத்தீவுக் கைதி போயிருச்சு” என்றார் அவர், உட்காராமலே.

பாலகுருவின் அக்கா செல்லக்கனி சிவகாசியில் ஒரு டைரி கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு, பத்திரத்தில் சந்தேகம், உயிலில் சந்தேகம் என்று ஊர்க்காரர்கள் அவளைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். “மொதல்ல உக்காருங்க” என்றாள்.

பாலகுருவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பேப்பர் ஏஜெண்டான அவனும் பழைய காமிக்ஸ் சேர்ப்பவன்தான். 1971இல் வந்த அந்தப் புத்தகத்துக்கு இன்று இரண்டே பிரதிகள் இருப்பதாகப் பேச்சு. ஒன்று, காலண்டர் அச்சக முதலாளியான ஸ்ரீராம்குமாரிடம். அதில் நடுத்தாள் கிடையாது. நாலு பக்கம் காணோம். இன்னொன்று, முழுசாக, அவருடைய பள்ளித் தோழர் நல்லசிவத்திடம். காலண்டருக்குச் சாமி படம் வரைகிற நல்லசிவம் அதைத் தள்ளி நின்று காட்டுவாரே தவிர, ஸ்ரீராம்குமார் கையில் கொடுத்ததில்லை. அது 2006ஆம் வருஷம். பழைய காமிக்ஸ் வீட்டுமனை மாதிரி விலை ஏறிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து, இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்து ஒன்றை வாங்குவதாக இருந்தது.

செய்தியைக் கேட்டதும் பாலகுருவின் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று ஏதோ இறங்கியது. அது வருத்தம் இல்லை என்று தெரிந்தபோது அவனுக்கே கூச்சமாக இருந்தது.

“எங்க வச்சிருந்தீக?” என்றாள் செல்லக்கனி.

“பிரஸ் மாடியில, என் ரூம் பீரோவுல. போன வெள்ளிக்கிழமைதான் பாலித்தீன் கவரை எடுத்துட்டு…” அவர் குரலைத் தாழ்த்தினார். “என் பொண்டாட்டி சுகிர்தாவோட பச்சைப் பட்டுச் சேலையில ஒரு துண்டு வெட்டிச் சுத்தி வச்சேன். அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.”

“அதுக்கப்புறம் ரூமுக்கு யாரு வந்தா?”

“ஞாயித்துக்கிழமை நல்லசிவம் வந்தான். பீரோவைத் திறந்து வேற புஸ்தகங்களைக் காட்டிக்கிட்டு இருந்தேன். மெஷின் நின்னுபோச்சுன்னு கீழ கூப்பிட்டாக. பத்து நிமிஷத்துல திரும்பிட்டேன். அப்ப சுகிர்தா காபி கொண்டுவந்து நின்னுக்கிட்டு இருந்தா. கைதியை அன்னிக்கு நான் வெளியவே எடுக்கல. நேத்து ராத்திரி பார்க்கேன், இல்ல.”

“சுகிர்தாதான் அக்கா” என்றான் பாலகுரு, அவர் கார் கிளம்பியதும். “அந்தப் புஸ்தகம்னாலே அவுகளுக்கு ஆகாது.”

அன்று மதியமே சுகிர்தாவைப் பார்த்தார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. “எரிக்கணும்னா கல்யாணமான வருஷமே எல்லாத்தையும் எரிச்சிருப்பேன். என் கையைப் பிடிக்க இந்த மனுசன் ஒருநாளும் கையைக் கழுவுனதில்ல. அந்தப் புஸ்தகத்தைத் தொட ரெண்டு தடவை கழுவுறாரு. ஆனா நான் எடுக்கல.”

அடுத்தது நல்லசிவம் வீடு. அவர் தயங்காமல் தம் பிரதியைக் கொண்டுவந்தார். செல்லக்கனி நடுத்தாளைப் பிரித்து லென்ஸை வைத்துப் பார்த்தாள். பிறகு தம்பியிடம் ஒரு கட்டத்தைக் காட்டி, “இந்த வரியை அப்படியே பார்த்து எழுது” என்றாள்.

‘தலைவனை நம்பினேன், ஆனால் அலை முந்திக்கொண்டது.’

பாலகுரு தலைவனையில் தடுமாறினான். லையும் னையும் பழைய காலத்து யானைத் தும்பிக்கை போட்ட எழுத்துகள். அலையிலும் அதே தும்பிக்கை. மற்றது மளமளவென்று வந்துவிட்டது.

“அந்த ‘ஆனால்’?” என்றாள் செல்லக்கனி.

“அதுல என்னக்கா இருக்கு? நாம எழுதுற மாதிரிதான்.”

நல்லசிவம் புத்தகத்தை உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். “ஸ்ரீராமுக்கு இப்படி ஆயிருக்கக் கூடாது” என்றார். “என்ன செய்ய? பச்சைப் பட்டுல சுத்திப் பொத்திப் பொத்தி வச்சாலும், போறது போயிருது.”

செல்லக்கனி தலையாட்டினாள். “நாளைக்கு இந்தப் புஸ்தகத்தோட பிரஸ்ஸுக்கு வாங்க நல்லசிவம். எல்லாரையும் வச்சுப் பேசிருவோம்.”

வியாழக்கிழமை காலை, கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, மாடி அறையில் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். செல்லக்கனி பாலகுரு எழுதிய தாளை மேசைமேல் வைத்தாள்.

“எழுபத்தெட்டுக்கு அப்புறம்தான் நம்ம எழுத்தை மாத்துனாக. பழைய லை, னை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா ணா, றா, னா மூணும் அப்ப வேற மாதிரி. கால் தனியா நிக்காது, எழுத்தோடவே வளைஞ்சு சேர்ந்திருக்கும். அதை நிறையப் பேரு மறந்துட்டாக. பிழை திருத்துன எனக்கு மறக்காது. இந்த நடுத்தாள்ல ‘ஆனால்’ல கால் தனியா நிக்குது. எழுபத்தொண்ணுல அப்படி ஒரு எழுத்து அச்சாகாது.”

நல்லசிவம் தம் துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா போலி எதுன்னு பெங்களூர்க்காரருக்குத் தெரிஞ்சுபோகும். அசல் இல்லாம இருந்தா உங்க புஸ்தகம்தான் அசல். அதுக்காக எடுத்தீக. இன்னொண்ணு, பச்சைப் பட்டு. வெட்டுனவரையும், அவரு சொல்லிக் கேட்ட எங்களையும், எடுத்தவரையும் தவிர அது யாருக்கும் தெரியாது.”

“எந்தப் பச்சைப் பட்டு?” என்றாள் சுகிர்தா.

நல்லசிவம் தம் துணிப்பையிலிருந்து பச்சைப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். “எரிச்சிரலாம்னுதான் எடுத்தேன். இந்த ஊர்ல எரிக்க இடமா இல்ல? மூணு நாளா தீப்பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தேன். முடியல.” பிறகு ஸ்ரீராம்குமாரைப் பார்த்தார். “சாத்தூர் பழைய பேப்பர் கடையில இது கிடக்குன்னு உனக்குச் சொன்னது நானு. ஞாயித்துக்கிழமை சேர்ந்து போவோம்னோம். நீ சனிக்கிழமையே கார்ல போயிட்டு வந்துட்ட. பதினோரு வருஷம் ஆச்சு. நீ ஒவ்வொரு தடவை பீரோவைத் திறக்கும்போதும் எனக்கு வயிறு எரியும். மூணு வருஷம் முன்ன ஒரு வாரம் இரவல் குடுத்தேல்ல, அப்ப ஸ்கேன் பண்ணிப் பழைய தாள்ல அடிச்சேன். உங்கிட்ட இல்லாத நாலு பக்கத்தை நானே வரைஞ்சு சேர்த்தேன்.”

“போலீஸுக்கெல்லாம் போகல” என்றார் ஸ்ரீராம்குமார். “அந்தப் போலியை என் கண்ணு முன்னால கிழிச்சிரு.”

நல்லசிவம் கிழித்தார். நடுத்தாளை மட்டும் பொடிப்பொடியாகக் கிழித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அந்த நாலு பக்கமும் உன் கற்பனையா?” என்றார் ஸ்ரீராம்குமார்.

“இல்ல. சின்ன வயசுல முத்துக்கருப்பன் சலூன்ல முழுசாப் படிச்சிருக்கேன். ஒரு கட்டம்கூட மறக்கல.”

ஸ்ரீராம்குமார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “முப்பதாம் பக்கத்துல கைதி கிணத்துக்குள்ள கிடக்கான். முப்பத்தஞ்சாம் பக்கத்துல படகுல போறான். நடுவுல எப்படிலே ஏறி வந்தான்?”

நல்லசிவம் அவரை உற்றுப் பார்த்தார். பாலகுரு அறிந்தவரையில் முதன்முறையாக அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார்.

சுகிர்தா பொட்டலத்தைப் பிரித்தாள். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, தன் சேலைத்துண்டை நீவி மடித்து எடுத்துக்கொண்டு போனாள். ஸ்ரீராம்குமார் அதைக் கவனிக்கவில்லை. ஜன்னல் வழியே, தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை பாலகுருவுக்கு நன்றாகத் தெரியும். ஒருவனிடம் இருப்பது தன்னிடம் இல்லையே என்ற பார்வை.

“ஏலே நல்லசிவம், நில்லுலே” என்று கூப்பிட்டபடி, செருப்புகூடப் போடாமல் அவர் படியிறங்கி ஓடினார்.

உலகத்திலேயே ஒன்றே ஒன்றாகிவிட்ட பவழத்தீவுக் கைதி காவலில்லாமல் மேசைமேல் கிடந்தது. பாலகுரு ஓரடி முன்னால் நகர்ந்து கையை நீட்டினான்.

“கையைக் கீழ போடுலே” என்றாள் செல்லக்கனி, லென்ஸைப் பைக்குள் வைத்தபடியே.