கூலிக் கணக்கில் சேர்த்த ஆள்

கீபோர்டில் மறுபடியும் கல்மாவு படிந்திருந்தது. கௌசிகா காலையிலிருந்து துடைத்துக்கொண்டேயிருக்கிறாள். ஜன்னலே திறக்காத, ஏசி உறுமும் திருப்பதி ஆடிட்டர் ஆபீஸின் இந்த மாடி அறைக்குள், ஈரக் கருங்கல்லை அறுக்கும்போது எழும் அந்த வாசனையோடு, இது எங்கிருந்துதான் வந்து தொலைக்கிறதோ.

குப்பத்திலிருக்கும் சின்ன கிரானைட் பட்டறை ஒன்றின் கணக்கை வரி சாப்ட்வேருக்குள் இம்போர்ட் செய்துகொண்டிருந்தாள். லாபத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லிப் பட்டறை முதலாளி கெஞ்சியதால், பாலிஷ் போடுகிறவர் என்று இல்லாத ஓர் ஆளைப் போன வாரம் கூலிக் கணக்கில் சேர்த்திருந்தாள். நாகபூஷணம். வாய்க்கு வந்த பெயர். கடிதம் ஏதாவது வந்தால் தன் கைக்கே வரட்டும் என்று புத்தூரிலிருக்கும் தன் வீட்டு விலாசத்தையே போட்டாள். என்ன சாமர்த்தியம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள் வேறு!

இன்று பயம் பிடித்துக்கொண்டது. அவரை அழித்துவிட்டு இம்போர்ட் செய்தாள். பெயர் திரும்ப வந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது, அவள் போடாத ஒரு வயதோடு.

"சார், அழிச்சாலும் போவமாட்டேங்குது."

"பழைய ஃபைல எடுத்திருப்பம்மா. சரியா பாரு," என்றார் ஆடிட்டர் நரசிம்மன். காபி குடிக்க இறங்கிப் போய்விட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழித்தாள். இந்தத் தடவை பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி கூடியிருந்தது. வேலையை விட்ட தேதி: இன்று.

கீபோர்டைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. வாசனை இல்லை. அப்பாடா என்று சாய்ந்தவள் அடுத்த நொடியே நிமிர்ந்தாள். வேலை போன ஆள் எங்கே போவான்?

வீட்டுக்கு.

போன் அடித்தது. வீடியோ கால். பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் தனியாக இருக்கும் மகள் ஸுப்ரஜா.

"அம்மா, ஒரு மாமா வந்துகீறாரு. வேல போச்சாம். நீதான் இந்த அட்ரஸ் குடுத்தியாம்."

"கதவத் தெறக்காதடி!"

"உள்ளதாம்மா கீறாரு. சும்மா இருக்க முடியலியாம். வேல பார்த்துகினு கீறாரு."

"என்ன வேல?"

குழந்தையின் கண் இமைக்கவில்லை. முகமெல்லாம் வெள்ளை மாவு. பின்னாலிருந்து ஒரு கை. நிதானமாக, வட்டம் வட்டமாக, அவள் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

தேய்த்த இடத்தில் கருங்கல் பளபளத்தது.